கடலைப் பொட்டலத்தில் ரோஜாவின் கல்யாணம்

தஞ்சாவூரில் முதல் காலையே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தேன். ஓட்டல் பொங்கலும் நன்றாகத்தான் இருந்தது. காரணம் என் கைப்பையில் இருந்த விளம்பரப் புத்தகம். பினாங்கில் அதன் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இங்கே வந்து, பொங்கலுக்குச் சட்னி வரக் காத்திருந்த நேரத்தில்தான் உள்ளே படித்தேன்.

நான் பினாங்கில் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே ஒரு சுற்றுலாக் கம்பெனி தை மாதத்தில் காவிரிக் கரைக்கு ஆட்களைக் கூட்டிப் போவதாகவும், தமிழ் தெரிந்தவர் ஒருவர் துணைக்கு வேண்டும் என்றும் கேட்டது. "மொழிபெயர்க்க மட்டும்தான் டீச்சர், வேறு ஒரு தொல்லையும் இல்லை" என்றார் கம்பெனி ஆள் மிஸ்டர் லிம். என் வீட்டுக்காரர், "பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி ஏறினாலே உனக்குப் படபடக்கும், இதெல்லாம் தேவையா?" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்காகவே கிளம்பினேன்.

புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஒரு படம். பாவாடையும் ரவிக்கையும் போட்ட ஒரு நரிக்குறவப் பெண், சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைக்காரரின் கழுத்தருகே மணிமாலை ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கீழே இப்படி அச்சிட்டிருந்தது: 'மணிமாலை மணவிழா! தை வளர்பிறையில் நாடோடிக் கன்னியர் தமக்குப் பிடித்த ஆடவனின் கழுத்தில் மாலை சூட்டி மணமகனாக்கிக்கொள்ளும் ஆதி வழக்கம். பெற்றோர் தலையீடு கிடையாது. யார் கண்டது, மாலை உங்கள் கழுத்திலும் விழலாம்!'

"இது உண்மையா?" என்று மிஸ்டர் லிம்மைக் கேட்டேன்.

அவர் இட்லியைக் கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். "அது விளம்பரம் டீச்சர். விளம்பரத்தில் போய் யாராவது உண்மையைத் தேடுவார்களா?"

தேடுகிறவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். பேராக்கில் ரப்பர்த் தோட்ட மேனேஜராக இருந்து, மனைவியை இழந்து, பினாங்கிலேயே தங்கிவிட்ட ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரர் அந்த விழாவுக்கென்றே பட்டுச் சட்டை தைத்துக்கொண்டு வந்திருந்தார். மற்றவர்கள் பினாங்குச் சீனக் குடும்பத்தினர், நல்ல மனிதர்கள். அவர்களும் "எப்போது விழா, எப்போது விழா" என்று என்னையே பிடுங்கினார்கள். எனக்கு என்ன தெரியும்? நானும் முதல்முறையாக வந்தவள்.

எங்கள் வேன் ஓட்டுநர் ராஜமாணிக்கம் தஞ்சாவூர்க்காரர், ஆளுங்கட்சிக்காரர், வாய் ஓயாதவர். புத்தகத்தை அவரிடம் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, வேனை ஓரங்கட்டி நிறுத்திச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், இத அவங்க ஆளுங்க யாரும் பாத்துடக் கூடாதுங்க. அவங்க கட்டுப்பாடு நம்மளவிட ஜாஸ்தி. பொழுது சாயறதுக்குள்ள பொம்பளைங்க எல்லாம் கூடாரத்துக்கு வந்துடணும். வரலேன்னா பஞ்சாயத்துதான். அந்த ஜனத்துல போயி, கண்டவன் கழுத்துல மாலை போடுதுன்னு எழுதியிருக்காங்களே!"

"இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றேன், என்னையே தேற்றிக்கொள்ள.

"தமிழ்ல வேற போட்டிருக்காங்களே" என்றார் அவர்.

அதுதான் விஷயம். மலேயாத் தமிழர்களையும் இழுக்க ஆங்கிலப் புத்தகத்தோடு ஒரு தமிழ்ப் பதிப்பும் போட்டிருந்தார்கள். மெல்லிய தாள், கறுப்பு மை மட்டும். மிஞ்சியதை ஒரு மூட்டையாகக் கட்டி, போன மாதமே கப்பலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பி, லாட்ஜ்களிலும் பஸ் நிலையக் கடைகளிலும் கொடுக்கச் சொல்லியிருந்தார்களாம். கடைக்காரர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள் என்று மிஸ்டர் லிம் பெருமையாகச் சொன்னார். ஏன் சந்தோஷம் என்று அன்று சாயங்காலமே தெரிந்தது. பெரிய கோயில் வாசலில் வறுகடலை விற்ற பெண் எங்கள் விளம்பரத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சுருட்டி, அதில் கடலையைக் கொட்டிக் கொடுத்தாள். எனக்கு வந்த தாளில் ஓட்டல் வசதிகள் இருந்தன. அப்பாடா என்று கடலையைத் தின்றேன்.

மறுநாள் கும்பகோணத்தில் பசியாறினோம். இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்தது, எங்கள் ஊர்க் குருமாவுக்குச் சாதுவான தங்கை மாதிரி இருந்தது. ஹாரிஸ் மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். பரிமாறியவர், "துரைக்கு நல்லாப் புடிச்சுப்போச்சு" என்றார். அந்த நிம்மதியிலேயே நாள் போயிருக்கலாம்.

அது எழுபதுகளின் தொடக்கம். ஊருக்குள் சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு. வயல் பக்கம் போனால் வரப்பெல்லாம் முழுச் சிவப்புக் கொடி. சம்பா அறுவடை நேரம். பெரிய மிராசுகள் உச்சவரம்புச் சட்டத்திலிருந்து தப்ப நிலத்தை மச்சினன் பேரிலும் சாமி பேரிலும் எழுதி வைத்திருப்பதாகவும், உள்ளூர் ஆட்கள் கூலி கூட்டிக் கேட்டால் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவதாகவும் ராஜமாணிக்கம் சொன்னார். அதனால் ஊர்க்காரர்கள் வண்டிகளை மறிக்கிறார்களாம். "நம்ம கவர்மெண்டு எல்லாத்தையும் சரி பண்ணிடும் டீச்சர்" என்று முடித்தார். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் கூடாரம் பார்த்தேன். சாலையின் இரு பக்கமும் முற்றிய கதிர் தலைசாய்ந்து கிடந்தது. அறுக்க ஆள் இல்லை.

திருவிடைமருதூருக்குப் போகும் வழியில், வாய்க்காலை ஒட்டிய புறம்போக்கு மேட்டில் நரிக்குறவர் குடியிருப்பு இருந்தது. அரசாங்கம் சமீபத்தில்தான் அவர்களுக்கு அங்கே மனைப்பட்டா கொடுத்திருந்தது. பாதி ஓலைக் குடிசை, பாதி கூடாரம். மிஸ்டர் லிம் முதலில் இறங்கி, "எங்கே விழா?" என்பதுபோல இரண்டு கையையும் விரித்தார். விழாவின் சாயல் எதுவும் இல்லை. கோழி மேய்ந்தது. ஒரு ஆள் டப்பாத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். ஐம்பது வயது இருக்கும், கழுத்து நிறைய மணி. கையில் எண்ணெய் ஊறிய ஒரு தாள். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீவிய சுருக்கங்கள் அப்படியே இருந்தன. அதில் அந்தப் படம்.

"இது நீங்க போட்டதா சாமி?"

"நான் போடல. இவங்க கம்பெனி" என்று மிஸ்டர் லிம்மைக் காட்டினேன். அவர் புரியாமல் அவளுக்கு வணக்கம் சொன்னார்.

அவள் பெயர் கமலா. படத்தில் இருந்தவள் அவள் மகள் ரோஜா. போன வருஷம் திருவிடைமருதூர்க் கோயில் வாசலில் மணி விற்றுக்கொண்டிருந்தபோது எங்கள் கம்பெனியின் முந்தைய குழு வந்திருக்கிறது. ஒரு வெள்ளைக்காரர் மாலை ஒன்றைக் காட்டி நீளம் சரியாக வருமா என்று கேட்க, இவள் கழுத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அளவு காட்டியிருக்கிறாள். எவனோ பக்கத்தில் இருந்து படம் எடுத்துவிட்டான். அவ்வளவுதான் கதை.

"அளவு காட்டுனதுக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டாங்களே" என்று கமலா அழுதாள்.

ரோஜாவுக்கு நாகப்பட்டினம் பக்கத்துக் குடியிருப்பில் பாலு என்ற பையனைப் பேசி முடித்திருந்தார்கள். இந்தத் தையிலேயே கல்யாணம். பாலுவின் பெரியப்பா நாகப்பட்டினம் பஸ் நிலையத்தில் கடலை வாங்கித் தின்று முடித்துத் தாளைப் பார்த்தால், தன் வீட்டுக்கு வரப்போகும் மருமகள். பக்கத்தில் நின்ற யாரோ கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தும் காட்டிவிட்டார்களாம். நாளை மாலை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இங்கே கூடி, இந்தச் சம்பந்தம் உண்டா இல்லையா என்று முடிவு சொல்லப்போகிறார்கள். வேண்டாம் என்றால் அது பாலுவோடு போகாது, இனி எந்தக் கூட்டத்திலிருந்தும் ரோஜாவைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

நான் குடிசை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கமலா எனக்குச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். என்ன கறி என்று கேட்கப் பயந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் கவனித்துவிட்டாள். "கோழிதான் டீச்சரம்மா. சந்தையில வாங்குனது. பயப்படாதீங்க" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குழம்பு நல்ல காரம், மூக்கில் நீர் வந்தது.

சாப்பிடும்போது அவளே சொன்னாள். "நாங்க ஆடு வெட்டிச் சாமி கும்புடுற கூட்டம். அவங்க எருமை. ஆட்டுக்காரங்க எருமைக்காரங்க வீட்டுலதான் பொண்ணு குடுக்கணும், எடுக்கணும். உள்ளுக்குள்ள கட்டிக்கிட்டா அது அண்ணன் தங்கச்சி. மாப்பிள வூட்டுக்காரங்கதான் பரிசம் போடணும்." பரிசம் மாப்பிள்ளை வீட்டார் தர வேண்டும் என்றதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

"ஒரு மாலையை அளவு பார்த்ததற்கா இவ்வளவு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் ரோஜா வாயைத் திறந்தாள். அதுவரை குடிசைக்குள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணி கோத்துக்கொண்டிருந்தாள். "படத்துல கறுப்பாத் தெரியுது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் வெளியே வந்து தாளை என் மடியில் வைத்தாள். "கருகமணிதான் எங்களுக்குத் தாலி. சாமிக்குப் படைச்சுக் கோத்து, ஆம்பளதான் பொம்பளைக்குக் கட்டுவான். அத விக்க மாட்டோம். வெளியாளு கையில குடுக்க மாட்டோம். நான் அன்னிக்குக் காட்டுனது செவப்பு மணி. இதுல கறுப்பா விழுந்திருக்கு."

பளிச்சென்று விளங்கியது. ஒரே மையில் அச்சடித்தால் சிவப்பும் கறுப்புதான். அந்தத் தாளைப் பார்க்கிற அவர்கள் ஆள் யாருக்கும், ஒரு பெண் சாமிக்குப் படைத்த தாலியை எடுத்து ஒரு அந்நியனின் கழுத்தில் கட்டப்போவது போலத்தான் தெரியும். கீழே அதையே எழுதியும் வைத்திருக்கிறது.

"வண்ணப் படம் இருக்கு!" என்று கத்திவிட்டேன். மிஸ்டர் லிம் ஓட்டல்களில் மாட்டுவதற்காகப் பெரிய வண்ணச் சுவரொட்டிகளை ஒரு அட்டைக் குழாயில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். தஞ்சாவூர் அறையில் இருந்தது. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று கமலாவின் கையைப் பிடித்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான், அதில் மணி என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்கு நினைவில்லை என்பதே உறைத்தது. பினாங்கு ஆபீஸ் சுவரில் அதைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பார்த்ததில்லை.

திரும்பும் வழியெல்லாம் அதே கவலை. அறைக்குப் போனதும் மிஸ்டர் லிம்மிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் மலர்ந்தது.

"அப்படியானால் நாளைக்கு விழா உண்டு!"

"விழா இல்லை மிஸ்டர் லிம். பஞ்சாயத்து. ஒரு பெண்ணுடைய வாழ்க்கை."

"பெண் இருக்கிறாள், மாப்பிள்ளை வருகிறார், பெரியவர்கள் கூடுகிறார்கள். இதைவிட என்ன வேண்டும்? எல்லாரும் போவோம்." எல்லாரும் வருவதானால் மட்டுமே சுவரொட்டி வரும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் குழாய் அவர் கட்டிலுக்கடியில் இருந்தது, வேனும் அவருடையது. காமிராக்களை வேனிலேயே வைத்துவிட வேண்டும் என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஹாரிஸ் உடனே ஒத்துக்கொண்டார், பட்டுச் சட்டையை மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அதன் பிறகே மிஸ்டர் லிம் குழாயை எடுத்துக் கொடுத்தார், சுவரொட்டியைப் பிரித்துப் பார்த்தேன். மணி சிவப்புதான். குங்குமச் சிவப்பு. கட்டிலில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சுவிட்டேன். உடனே அடுத்த பயம் வந்தது. நிறம் பூசியது என்று சொல்லிவிட்டால்?

மூன்றாம் நாள் மதியமே கிளம்பினோம். பாதி வழியில் வாய்க்கால் பாலத்தின் மேல் மாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தி, கையில் கதிரரிவாளோடு ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் மிராசுதாரின் ஆட்கள் கம்போடு நின்றார்கள். நடுவில் நாங்கள். ராஜமாணிக்கம் தன் கட்சிப் பெயரைச் சொல்லி வழி கேட்டார். "ஓங்க கட்சிதானே அவருக்குப் போலீசு அனுப்புது" என்று ஒரு இளைஞன் எகிறினான். ராஜமாணிக்கம் அதோடு அடங்கிவிட்டார்.

வெயில் சரிய ஆரம்பித்தது. நான் அட்டைக் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர்கள் சண்டையும் நியாயம்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே பெரியவர்கள் கூடிவிட்டிருப்பார்கள். இறங்கிப் போனேன். ஒரு பெண் எழுந்து வந்தாள், சேலையை இழுத்துச் சொருகியிருந்தாள்.

"வண்டியில யாரு? அறுப்புக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போறீங்களா?"

"இல்லம்மா. ஒரு பொண்ணோட கல்யாணம் நின்னுபோகப் பாக்குது. நேரத்துக்குப் போகணும்."

அவள் நம்பாமல் வேன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். குளிர்க் கண்ணாடி போட்ட சீன அம்மாக்கள், விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள். கடைசி இருக்கையில் மஞ்சள் பட்டுச் சட்டையில் ஹாரிஸ். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, இங்க வந்து பாருங்கடி! மிராசு கொண்டாந்த அறுப்பாளுங்களப் பாருங்கடி!" என்று கூப்பிட, எல்லாரும் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள். வண்டியை நகர்த்தி வழி விட்டார்கள். ஹாரிஸ் அவர்களுக்குக் கையசைத்தார். ஒருத்தி அரிவாளை ஆட்டி விடைகொடுத்தாள்.

நாங்கள் போனபோது கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. புங்க மரத்தடியில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி. கமலாவுக்குப் பின்னால் ரோஜா தரையைப் பார்த்தபடி நின்றாள். எதிர்ப்பக்கம் மீசை அரும்பிய ஒரு பையன் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான், அவன்தான் பாலு. வட்டத்தின் நடுவே கல் வைத்த அந்தக் கடலைத் தாள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. கமலாதான் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாலுவின் பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டார். நரைத்த தாடி, கம்பீரமான ஆள். தமிழில் கேட்டார். "நீதான் படிச்ச அம்மாவா? இதுல என்ன எழுதியிருக்கு, நீ படி."

ராஜமாணிக்கம் பின்னாலிருந்து, "டீச்சர், வேற எதாச்சும் சொல்லிடுங்க" என்று கிசுகிசுத்தார். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் பஸ் நிலையத்தில் அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். நான் மாற்றிப் படித்தால் பொய் என் தலையில் விழாது, ரோஜாவின் தலையில்தான் விழும். படித்தேன். பிடித்த ஆடவன், ஆதி வழக்கம், எல்லாவற்றையும். பெற்றோர் தலையீடு கிடையாது என்ற இடம் வந்ததும் பெரியப்பா கையைத் தூக்கினார்.

"அத இன்னொரு தரம் படி."

படித்தேன்.

அவர் ரோஜாவின் அப்பா சிங்காரத்தைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். சிங்காரம் பதில் சொன்னார். வட்டம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். "பெத்தவன் தலையிட மாட்டானாம்! இந்தப் பேச்ச நாம மூணு வருசமாப் பேசுறோம், இன்னும் முடிஞ்ச பாடில்லங்கிறாரு. எங்க வூட்டுக்காரரு, தலையிட்டுத் தலையிட்டே எனக்கு முடி கொட்டிப்போச்சுங்கிறாரு."

சிரிப்பு அடங்கியதும் பெரியப்பா தாளைத் தொட்டார். "எழுத்து பொய்யின்னு தெரியுது. மணி கறுப்பா இருக்கே, அதுக்கு என்ன சொல்ற?"

சுவரொட்டியை விரித்தேன். சிங்காரமும் இன்னொருவரும் இரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பெரியப்பா விரலை நாக்கில் தொட்டு, சிவப்பு மணியின்மேல் வைத்து நன்றாகத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சாயம் ஒட்டவில்லை. ஆனால் அவர் தலையாட்டவில்லை. "செவப்பு என்ன, ஊதாகூடப் பூசுவாங்க" என்றார். நான் பயந்தது அப்படியே நடந்தது.

பிறகு அவர் குனிந்து, மணிகளை விட்டுவிட்டு, ரோஜாவின் விரல் இடுக்கைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பாலுவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் பார்த்ததும் சொன்ன சொல்லைக் கமலா திருப்பிச் சொல்லவில்லை, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிறிய படத்தில் தெரியாதது பெரிய படத்தில் தெரிந்தது. மாலையின் முனை அவள் விரலிலிருந்து தொங்கியது, அதில் பித்தளைக் கொக்கி. விற்கிற மாலைக்குத்தான் கொக்கி வைப்பார்கள். தாலி மணிக்கு முடிச்சுதான், கொக்கியே கிடையாது.

"கொக்கி இருக்கு" என்றார் பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழிலேயே. "யாவாரம்தான்."

அதன் பிறகு அவர்கள் மொழியில் நீளமாகப் பேசினார்கள். கமலா சொன்னாள். கல்யாணம் உண்டு. வளர்பிறை முடிவதற்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரோஜா இனிமேல் கோயில் வாசலுக்கு மணி விற்கப் போகக் கூடாது. வீட்டில் இருந்து கோக்கட்டும், மற்றவர்கள் விற்கட்டும். படம் எடுக்கிற ஆட்கள் வருகிற இடத்தில் நம் பெண்கள் வேண்டாம்.

நான் ரோஜாவைப் பார்த்தேன். கமலா அழுதுகொண்டே சிரித்தாள், சிங்காரம் எழுந்து பெரியப்பாவின் கையைப் பிடித்தார். ரோஜா மட்டும் அசையவில்லை. கோயில் வாசலில் நின்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் விலை பேசத் தெரிந்த பெண் அவள் என்று முந்தின நாள் அவளுடைய அம்மாவே பெருமையாகச் சொல்லியிருந்தாள். எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது. அந்தத் தண்டனையை நியாயமாகக் கொடுக்க வேண்டிய இடம் பினாங்கில் அல்லவா இருக்கிறது?

இதற்குள் எங்கள் குழு மெல்ல நகர்ந்து மரத்தடிக்கே வந்துவிட்டது. பெரியவர்கள் சிரித்ததையும் கைகுலுக்கியதையும் பார்த்து, சீன அம்மாக்கள் கைதட்டினார்கள். ஹாரிஸ் என் அருகில் வந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகக் கேட்டார்.

"முடிந்துவிட்டதா? அவள் யாரைத் தேர்ந்தெடுத்தாள்?"

நான் மொழிபெயர்க்க வந்தவள். ரோஜாவிடம் போய்க் கேட்டேன். "நீ யாரைத் தேர்ந்தெடுத்தேன்னு இவரு கேக்குறாரு."

அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். "என்னைய யாரு சாமி கேட்டா? படம் எடுத்தவன் கேக்கல. இங்க உக்காந்திருக்கிறவங்களும் கேக்கல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பாலு இருந்த பக்கம் கண் போய் வந்தது. "கேட்டிருந்தா பாலுன்னுதான் சொல்லியிருப்பேன். மணி விக்கவும் போவேன்னு சொல்லியிருப்பேன்."

அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹாரிஸ் தலை குனிந்துகொண்டார். கைதட்டல் நின்றது. மிஸ்டர் லிம் மட்டும் "மிக அழகு, மிக அழகு" என்று முணுமுணுத்தபடி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"என்ன எழுதப் போகிறீர்கள்?" என்றேன்.

"அடுத்த வருஷத்துப் புத்தகத்துக்கு, டீச்சர்."

முப்பது வருஷம் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கிப் பழகிய கை. பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"முதலில் அவளிடம் கேளுங்கள்" என்றேன்.